கேப்டன் வாய் திறக்கக் கூடாது

படகுத்துறையில் கேப்டன் என்றால் அது ஒரே ஒருவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். கேப்டன் வீடு எது என்று கேட்டால் துறையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிகாட்டும். கலங்கரை விளக்கம் நிற்கும் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் படகு அவருடையது. வருகிறவர்கள் கடலைப் பார்த்தார்களோ இல்லையோ, அவர் பேச்சைக் கேட்காமல் கரை திரும்பியதில்லை. காற்றைப் பற்றி, நீரோட்டத்தைப் பற்றி, பக்கத்துப் படகுக்காரர்களின் அறிவைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே வருவார். அந்தப் படகுக்கு இரண்டு இன்ஜின், ஒன்று டீசலில் ஓடுகிறது, இன்னொன்று கேப்டன் வாயில் ஓடுகிறது என்று துறையில் ஒரு பேச்சு உண்டு.

படகில் டிக்கெட் கிழிப்பது அவர் மனைவி. துறையே அவளை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடும். டிக்கெட் கொடுத்து முடித்ததும் கேப்டனுக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்காருவாள். மாலைச் சவாரி முடிந்து துறைமுக வாய்க்குள் திரும்பும்போது விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை, நடுவில் வழி. "அதோ பச்சை" என்பாள் அக்கா. "எனக்குத் தெரியாதா?" என்பார் கேப்டன். கல்யாணம் ஆன புதிதிலிருந்து தினமும் நடந்துவந்த பேச்சு இது. அதற்கு ஏதாவது பொருள் இருக்கும் என்று இருவருமே யோசித்ததில்லை. குறைந்தபட்சம் கேப்டன் யோசித்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு வினை கண் டாக்டர் உருவில் வந்தது. காசு வாங்கி ஆள் ஏற்றும் படகோட்டிகள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நிறம் பார்க்கும் சோதனையிலும் தேற வேண்டும் என்று துறைமுக அலுவலகம் புதிதாக ஒரு விதி போட்டுவிட்டது. கேப்டன் மீசையை முறுக்கிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும், அதைச் சொல்ல வேண்டும். முதல் சில பக்கங்களில் எண்ணை அச்சடிக்க மறந்துவிட்டார்கள் என்று கேப்டன் குற்றம் சொன்னார். பிறகு ஒரு பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது. "நாற்பத்தஞ்சு" என்று மேசையைத் தட்டிச் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் மற்றவர்களுக்கு எந்த எண்ணும் தெரியாது, உங்களை மாதிரிக் கண் உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். கேப்டன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண், பிறவியிலேயே அப்படி, இனி பயணிகளோடு படகு ஓட்டக் கூடாது என்று டாக்டர் விளக்கிச் சொன்ன பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

அக்காவோடு வீட்டுக்கு நடந்து வரும் வழியில் வழக்கத்துக்கு மாறாக வாயே திறக்கவில்லை. தெருமுனை வந்ததும் நின்றார்.

"அப்ப நம்ம படகு?"

அக்கா தன் செருப்பைப் பார்த்தாள். "பச்சைங்க."

"மரக் கலர் இல்ல?"

"இல்லைங்க. கிளிப்பச்சை."

படகு வாங்கியபோது கடைக்குப் போய், கண்ணியமான மரக் கலராக இருக்கட்டும் என்று பெயிண்ட் டப்பாவைத் தன் கையாலேயே எடுத்துவந்து, தன் கையாலேயே அடித்தவர் அவர். துறையில் எல்லாரும் அந்தப் படகைக் கிளி என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. முன்பக்கம் மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டார். நீங்கள் அவ்வளவு ஆசையாக அடித்தீர்களே, எப்படிச் சொல்வது என்றாள் அவள்.

உரிமம் உள்ள ஆள் ஒருவர் இல்லாமல் படகு பயணிகளோடு துறையை விட்டு நகரக் கூடாது. சீசன் தொடங்குவதற்குள் ஆளைக் காட்டாவிட்டால் துறையில் இருக்கும் இடமும் போய்விடும். செய்தி பரவிய மறுநாளே மச்சான் வந்து நின்றார். அக்காவின் அண்ணன். மணல் வாரும் கப்பலில் வேலை பார்த்தவர், உரிமம் வைத்திருந்தார், வேலை இல்லாமல் இருந்தார். கவலையே வேண்டாம், படகை நான் ஓட்டுகிறேன் என்றார். கூரையில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடலாம் என்றார். கேப்டனின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்து, கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். கடைசியாக, தன்னையும் இனி எல்லாரும் கேப்டன் என்றே கூப்பிடலாம் என்றார். கேப்டனுக்கு மற்ற எல்லாம் பொறுத்தது. கடைசியாகச் சொன்னது பொறுக்கவில்லை.

மச்சான் படியிறங்கிப் போனதும், "நான் அந்த உரிமத் தேர்வை எழுதட்டுமாங்க?" என்று அக்கா கேட்டாள். கேப்டன் முதலில் சிரித்தார். பிறகு ஒலிபெருக்கியை நினைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து வீடு கடலானது. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஓர் ஒடுக்கமான நடை. அந்த நடைதான் கப்பல் போகும் கால்வாய். வலது பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். எதிரும் புதிருமாக வந்தால் இருவருமே வலது பக்கம் ஒதுங்க வேண்டும். முந்திப் போகிறவர்தான் விலகிப் போக வேண்டும். கேப்டன் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டார். ஒரு ஊதல் என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் பின்னால் எடுக்கிறேன். குளியலறையிலிருந்து துண்டோடு மூன்று ஊதல் ஊதியபடி பின்பக்கமாக வெளியே வருவார். அக்கா கையில் கொதிக்கும் பாத்திரத்தோடு அவர் ஊதி முடிக்கும்வரை நிற்பாள். ஐந்து ஊதல் என்றால், நீ என்ன செய்கிறாய் என்றே எனக்குப் புரியவில்லை என்று பொருள். அக்காவுக்கு விதிகளிலேயே மிகவும் பிடித்துப்போனது அதுதான். சமையலறையில் இருந்தபடி அகப்பையால் தட்டில் ஐந்து தட்டுத் தட்டுவாள். ஒரு நாளில் பலமுறை அந்தச் சத்தம் கேட்டது.

விளக்குப் பாடம்தான் கொஞ்சம் தகராறு. அட்டைகளில் தானே வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது சிவப்பு, இது பச்சை என்று கேப்டன் கம்பீரமாகச் சொல்வார். பாதி தப்பாக இருக்கும். அக்கா எதிர்த்துச் சொல்லவில்லை. சரிங்க என்று தலையாட்டிவிட்டு அவர் குளிக்கப் போகும்போது புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டாள். புத்தகத்தைக் கண்டாலே கேப்டனுக்கு ஆகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார். தண்ணீரில் விழுந்தவர் படகை ஒட்டி வந்ததும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அணைத்தால் திரும்பக் கிளம்ப அடம்பிடிக்கும், அணைக்கவே வேண்டாம் என்று கேப்டன் சொன்னார். புரொப்பெல்லர் சுத்திட்டே இருக்குமேங்க, காலை வெட்டிடாதா என்று அவள் கேட்டாள். என் காலை இதுவரை வெட்டியிருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஏனென்றால், விழுகிற ஆள் அவர்தான். தேர்வில் மிகப் பெரிய பாடம் அது: ஓடும் படகிலிருந்து ஆள் தவறி விழுந்தால் திருப்பிக்கொண்டு போய்த் தூக்குவது. பழகுவதற்குப் பொம்மை எதுவும் அவர்களிடம் இல்லை. வீட்டில் சோபாதான் படகு. "ஆள் தண்ணியில!" என்று அக்கா கத்த வேண்டும், கத்திய கணமே கேப்டன் சோபாவிலிருந்து தரையில் உருள வேண்டும். அவர் அதை மனதாரச் செய்தார். கை கால்களை உதறினார், மூழ்கினார், தண்ணீர் குடித்தார், அத்தனைக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வா என்று வழியும் சொன்னார்.

கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது என்று கீழ்வீட்டுத் தையல்காரர் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே சண்டைக்கு வந்தார். கேப்டன் அவரை நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்கள் நங்கூரம் போட்ட கப்பல், அசையக் கூடாது என்றார். சண்டைக்கு வந்த மனிதர் காபி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு தினமும் கடை மூடியதும் தானாகவே வந்து நங்கூரம் போட ஆரம்பித்தார்.

வீட்டில் பழகியதைப் படகிலும் பழகினார்கள். பயணிகள் இல்லாமல் குடாவுக்குள் ஓட்டுவதற்குத் தடை இல்லை. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்து "ஆள் தண்ணியில!" என்பாள், கேப்டன் லைஃப் ஜாக்கெட்டோடு குதிப்பார். அவள் சுற்றிக்கொண்டு வருவாள். மெதுவா, மெதுவா, காத்தைப் பாரு, இப்ப நியூட்ரல் என்று அவர் தண்ணீரிலிருந்து கத்துவார். சரிங்க, சரிங்க என்று அவள் செய்வாள். நீந்துவது முழங்கால் வலிக்கு நல்லது என்பதால் சில நாள் அவளைத் திரும்பத் திரும்பக் கத்தச் சொன்னார். அப்படி ஒருநாள் தண்ணீரிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் முகத்தில் அவர் வீட்டில் கண்டிராத ஒரு சந்தோஷம் இருந்தது. தானே திருப்பி, தானே நிறுத்திய சந்தோஷம். அதைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. அதை யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறி, திருப்பியது கொஞ்சம் அகலம் என்றார்.

முதல் தேர்வில் அவள் தோற்றாள். தேர்வாளர் குள்ளமான, அமைதியான மனிதர். தொப்பியைக் காற்று தூக்கிவிடாமல் தாடைக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டியிருப்பார். அவர் எதைக் கேட்டாலும் அக்கா முதலில், மாலுமியாகக் கூட வந்திருந்த கேப்டன் முகத்தைப் பார்த்தாள். கேப்டன் கண்ணால் சொன்னார், புருவத்தால் சொன்னார், போதாததற்கு இருமினார். அவர் இருமுவதைக் கேட்டுத் தேர்வாளர் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். படகில் ஏறியதும் நிலைமை இன்னும் மோசமானது. "திருப்பட்டுமாங்க?" என்று அவள் கேட்டாள். அவர் திருப்பு என்றார். "நிறுத்தட்டுமாங்க?" என்றாள். அவர் எட்டி வந்து தானே நிறுத்தினார்.

கரைக்கு வந்ததும் தேர்வாளர் தொப்பிக் கயிற்றை அவிழ்த்தார். "அம்மா, உங்களுக்கு எல்லாம் தெரியுது. ஆனா இந்தப் படகுல ரெண்டு தலைவர் இருக்காங்க. அப்படிப்பட்ட படகு பாறைக்குத்தான் லாபம்." பிறகு கேப்டன் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவையும் மாலுமியா நீங்களே வாங்க. ஆனா படகுல இருக்கிறவரைக்கும் வாய் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் தேர்வு அதோட முடிஞ்சது."

சீசனுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு தேர்வு நாள்தான் இருந்தது. மச்சான் அதற்குள் ஒலிபெருக்கி வாங்கிவிட்டார் என்று கேள்வி.

நுணலும் தன் வாயால் கெடும் என்று கேப்டனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது, தவளைக்கு வாயைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவர் பேசாமல் இருக்கப் பயிற்சி எடுத்தார். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு நடையில் நடந்தார். அக்கா பாத்திரத்தை வலது பக்கம் வைக்காமல் இடது பக்கம் வைத்ததைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார். உதட்டில் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தார். மீசை பாதி போனது. தையல்காரர் நங்கூரத்தில் இருந்தபடி, ரெண்டு தையல் போட்டு விடட்டுமா, இலவசமாவே பண்றேன் என்றார். கடைசியில் அக்காதான் ஒரு வழி சொன்னாள். பேச வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அது நன்றாக வேலை செய்தது.

தேர்வு நாள் பிற்பகல் காற்று கொஞ்சம் அதிகம். தேர்வாளர் தோளில் ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய ஆரஞ்சு நிறச் சட்டை கால்சட்டையில் பஞ்சு அடைத்து, தலைக்கு ஒரு மிதவையைத் தைத்து, அதில் கண்ணும் மூக்கும் வரைந்திருந்தது. இதற்கு அலுவலகத்தில் மாப்பிள்ளை என்று பெயர் என்று அவரே அறிமுகம் செய்துவைத்தார். எந்த வேலையும் செய்யாது, ஆனால் எல்லாரும் சேர்ந்து தூக்க வேண்டும். கேப்டனுக்கு அதற்குப் பதிலாக ஒரு நல்ல நகைச்சுவை வாயில் வந்தது. ஒலிபெருக்கியை நினைத்தார். விழுங்கினார்.

அக்கா முறைப்படி எல்லாம் சொன்னாள். லைஃப் ஜாக்கெட் எங்கே, தீயணைப்பான் எங்கே, எதைத் தொடக் கூடாது. எத்தனையோ ஆயிரம் பேரை அந்தப் படகில் ஏற்றிய மனிதர் புதுப் பயணி மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். கயிற்றை அவிழ்த்ததும் காற்று படகின் மூக்கைத் துறைச்சுவர் பக்கம் தள்ளியது. கேப்டனின் வலது கால் தானாக இல்லாத பெடலை அழுத்தியது. அவள் கொஞ்சம் பின்னால் எடுத்து, நிதானமாகத் திருப்பி வெளியே கொண்டுவந்தாள். வலது பக்கமிருந்து ஒரு மீன்பிடிப் படகு குறுக்கே வந்தது. கேப்டனாக இருந்தால் வேகத்தைக் கூட்டி அதன் முன்னால் போய், அந்தப் படகுக்காரரின் அறிவைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அவள் வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் போனாள். அதுதான் சரி என்று கேப்டனுக்கே தெரிந்தது. தன் வேலை எதுவும் இங்கே மிச்சமில்லை என்பதும் தெரிந்தது. அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எல்லா வார்த்தைகளும் தொண்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றன.

அப்போதுதான் தேர்வாளர் சத்தமில்லாமல் மாப்பிள்ளையைத் தூக்கிப் பின்பக்கம் கடலில் எறிந்தார்.

"ஆள் தண்ணியில!" என்று அக்கா கத்தினாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சோபாப் பழக்கமும் அப்படித்தான். வாயைக் கட்டிவைத்த மனிதர் காலைக் கட்டிவைக்க மறந்துவிட்டார். அவள் கத்தி முடிப்பதற்குள் கேப்டன் எழுந்தார், குதித்தார், கடலில் இருந்தார்.

தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியதும் அவர் முதலில் பார்த்தது, கொஞ்ச தூரத்தில் மிதந்துகொண்டிருந்த மாப்பிள்ளையை. அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தேர்வில் மாலுமியே கடலில் குதித்துவிட்டார். போச்சு. படகு போச்சு, துறையில் இடம் போச்சு, அவள் இத்தனை நாள் கண் விழித்துப் படித்த படிப்பு போச்சு, எல்லாம் தன்னால் போச்சு. ஒலிபெருக்கி தெளிவாகக் காதில் கேட்டது.

கேட்டது ஒலிபெருக்கி இல்லை, படகின் ஹாரன். ஐந்து முறை அடித்தது. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

மேலே தேர்வாளர் வாயைப் பிளந்து நின்றிருந்தார். அவர் பார்த்த தேர்வுகளில் பலர் பொம்மையை எடுக்கத் தவறியிருக்கிறார்கள். பொம்மைக்குத் துணையாக ஆளை அனுப்பியவர் கிடையாது. அக்கா கயிறு கட்டிய மிதவை வளையத்தைத் தூக்கிக் கேப்டன் பக்கம் எறிந்தாள். விழுந்தவர்மேல் கண் வைத்திருக்க மாலுமி ஒருவரை நிறுத்த வேண்டும் என்பது விதி. மாலுமியோ கடலில். அவள் தேர்வாளரைப் பார்த்தாள்.

"சார், கையை நீட்டி அவரையே காட்டிட்டு நில்லுங்க. கண்ணை எடுக்கக் கூடாது."

தேர்வாளர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தான் யார் என்பதையே அவர் மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

கேப்டன் தன் படகை இப்படி எதிரே இருந்து நிதானமாகப் பார்த்ததே இல்லை. பயிற்சியின்போது பேசுவதிலேயே கவனமாக இருந்துவிட்டார். இப்போது அது காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பிக்கொண்டு, அவசரமில்லாமல், அவரை நோக்கி வந்தது. ஸ்டியரிங்கில் அவள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தண்ணீரையும் காற்றையும் அவரையும் மட்டும் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. படகை நினைத்தாரா அவளை நினைத்தாரா என்று அவருக்கே தெரியாது.

ஆனால் பழக்கம் யாரை விட்டது? படகில் இருக்கும்வரைதானே வாய் திறக்கக் கூடாது, இது கடல் அல்லவா என்று அவர் மூளை ஒரு சட்டம் பேசியது. "கொஞ்சம் இடது பக்கம் வா, மெதுவா, காத்தைப் பாத்து..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடிங்க" என்றாள் அக்கா.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரிடம் சொன்ன முதல் கட்டளை அது. கேப்டன் வாயை மூடிக்கொண்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டார். படகு அவர் பக்கத்தில் வந்ததும் அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். அந்தப் படகின் இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. அலை படகின் விலாவைத் தட்டும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

பின்பக்க ஏணி வழியாக அவரை ஏற்றினாள். அடி எதுவும் பட்டிருக்கிறதா என்று கேட்டாள், துண்டைப் போர்த்தினாள், உட்காரச் சொன்னாள். இன்ஜின் முதல் திருப்பிலேயே கிளம்பியது, அடம்பிடிக்கவில்லை. பிறகு போய் மாப்பிள்ளையையும் எடுத்தாள். இருவரையும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். இருவரும் ஒரே மாதிரி சொட்டிக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் மீசையில் மட்டும் கொஞ்சம் பாசி ஒட்டியிருந்தது.

தேர்வாளர் வெகுநேரம் நீட்டிய கையைக் கீழே இறக்கவில்லை. போதும் சார் என்று அவள் சொன்ன பிறகுதான் இறக்கினார். "ஏம்மா, நான் போட்டது பொம்மை. மார்க் அதுக்குத்தான். அதை விட்டுட்டு முதல்ல இவரை எடுத்தீங்களே?"

"பொம்மை மூழ்காது சார். இவரு பேசிக்கிட்டே தண்ணி குடிச்சிருவாரு."

மாலுமியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்கு உங்களுக்குப் பூஜ்யம் போட வேண்டியிருக்கிறது என்று தேர்வாளர் வருத்தத்தோடு சொன்னார். ஆளைக் காப்பாற்றியதற்கு என்ன மார்க் என்பதைச் சொல்லவில்லை. கடைசிப் பாடம் ஒன்று பாக்கி. வெளிச்சம் மங்கியதும் விளக்குகளைப் பார்த்துத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். தேறினாளா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேப்டன் துண்டுக்குள் சுருண்டு, இந்த முறை ஒலிபெருக்கியை நினைக்காமலேயே வாயை மூடிக்கொண்டிருந்தார்.

துறைமுக வாய் நெருங்கியது. கரையில் கடைகளின் விளக்குகள், சாலை விளக்குகள், வண்டிகளின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே குழப்பமாகத் தெரிந்தன. கேப்டனுக்கு அத்தனையும் ஒரே நிறம். எப்போதுமே அப்படித்தான் இருந்தது.

"அதோ பச்சை" என்றாள் அக்கா.

தேர்வாளர் அவளைப் பார்த்தார். "யாருக்கும்மா சொல்றீங்க? எனக்கா?"

அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "இல்லைங்க சார். இவருக்கு. தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கம்."

எனக்குத் தெரியாதா என்று சொல்லத்தான் கேப்டனின் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. இத்தனை வருடமும் மாலை தவறாமல் அவள் சொன்ன அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பயணிகளைக் கரை சேர்த்தார். டிக்கெட் கிழித்துவிட்டு வந்து சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஏற்கனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

படகு பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே நுழைந்து, துறைச்சுவரை முட்டாமல் உரசாமல் போய் ஒட்டி நின்றது. மேலே மச்சான் நின்றுகொண்டிருந்தார். சேதி கேட்டு வந்திருந்த தையல்காரரும் பக்கத்தில் நின்றார். தேர்வாளர் எழுந்து மாப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"படகைக் கட்டச் சொல்லுங்க, கேப்டன்" என்றார்.

"கட்டிடலாம் சார்" என்று கேப்டன் பழக்கத்தில் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் தேர்வாளர் தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தார். அவர் ஸ்டியரிங் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நிமிடம் யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. மேலே தையல்காரர் கைதட்ட ஆரம்பித்தார். மச்சானும், வேறு வழியில்லாமல், தட்டினார்.

அவள் கணவரைப் பார்த்தாள். கேட்கலாமா, சொல்லலாமா என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"முன் கயித்தைக் கட்டுங்க."

கிளிப்பச்சைப் படகின் முன்பக்கத்தில், துண்டும் பாசியும் பாதி மீசையுமாக நின்ற மனிதர் கயிற்றைக் கையில் எடுத்தார். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சரிங்க."